குத்துவதற்கு முன்னால் கேட்பவை

ஸ்ரீரங்கத்தில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிறவனுக்கு ஏகாதசி என்றைக்கு வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். "எப்படியும் இன்னிக்கு உபவாசம்தானே, வந்து எடுத்துண்டு போயிடேன்" என்று போனில் கூப்பிடுவார்கள். போனால், தண்ணீரும் சரியாகக் குடிக்காத எழுபது வயதுக் கையில் நரம்பு கண்ணுக்கும் தெரியாது, விரலுக்கும் அகப்படாது. துவாதசி காலை என்றால் பாரணைக்கு முன்னால் வாசலில் நிற்க வேண்டும். கொஞ்சம் பிந்தினால் "சாப்டாச்சேப்பா" என்று கதவிலேயே பதில் வரும். அதனால் இரண்டு நாளையும் விட்டுவிட்டு திரயோதசிக்கு நேரம் கொடுப்பது என் வழக்கம். இத்தனைக்கும் அவர்கள் கேட்கும் வைட்டமின் பி12 பரிசோதனைக்குப் பட்டினி கட்டாயமே இல்லை. அதே சீட்டில் சர்க்கரையும் கொழுப்பும் எழுதியிருப்பதால் பி12-ம் சேர்ந்து பட்டினி கிடக்கிறது.

தில்லைநகரில் ஒரு லேபில் வேலை கற்றுக்கொண்டு, பிறகு ஸ்ரீரங்கத்தில் கலெக்‌ஷன் சென்டர் வைத்தவன் நான். அடையவளஞ்சான் வீதியிலும் உத்திர வீதியிலும் விடியற்காலையில் எடுக்கும் சாம்பிள்கள் ஐஸ் பெட்டிக்குள் ஏறி, மாம்பழச் சாலை வழியாகக் காவிரிப் பாலத்தைத் தாண்டி மெயின் லேபுக்குப் போகும். ஊசி குத்தக் கற்றுக்கொள்ள அதிக நாள் ஆகவில்லை. குத்துவதற்கு முன்னால் எதையெல்லாம் கேட்க வேண்டும் என்று பிடிபடத்தான் வருஷங்கள் ஆயின. சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறீர்களா, எத்தனை வருஷமாக? காலையில் வெறும் வயிற்றில் கேஸ் மாத்திரை உண்டா? சமீபத்தில் சத்து ஊசி ஏதாவது போட்டுக்கொண்டீர்களா? முடி கொட்டுகிறதென்று மாத்திரை சாப்பிடுகிறீர்களா? வயிற்றிலோ குடலிலோ ஆபரேஷன் நடந்ததா? பதிலைச் சீட்டின் பின்பக்கம் எழுதிவிடுவேன். இந்தக் கிறுக்கல் இல்லாமல் போகும் பி12 எண்ணைப் படிப்பது, பாதி முகவரியோடு வந்த தபாலைப் பட்டுவாடா செய்கிற வேலை.

சைவச் சாப்பாடுதானா என்பதைக் கடைசியில்தான் கேட்பேன். எங்கள் ஊரில் எல்லோரும் அதை முதலில் சொல்லிவிடுவார்கள், அதுவும் குற்றத்தை ஒப்புக்கொள்கிற குரலில். "நாங்க வெங்காயம்கூட சேக்கறதில்லை, அதனாலதான் கம்மியாயிடுத்தோ?" என்று ஒரு மாமி கேட்டார். வெங்காயத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை மாமி, செடியில் விளையும் எதிலும் பி12 கிடையாது என்றேன். இந்தச் சத்தைச் செய்யத் தெரிந்தவை பாக்டீரியா போன்ற சில நுண்ணுயிர்கள் மட்டும்தான். மாடு தன் இரைப்பையில் அவற்றை வைத்திருக்கிறது. பால் வழியாக நமக்கு வருகிறது. பெரியவர் ஒருவருக்கு நாளைக்கு 2.4 மைக்ரோகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நூறு மில்லி பசும்பாலில் அரை மைக்ரோகிராமுக்கும் கொஞ்சம் குறைவாக இருக்கும். அப்படியானால் அரை லிட்டருக்கு மேல் வேண்டும். இரண்டு வேளைக் காபியில் விடும் பாலையும், ரசத்துக்குப் பிறகு இலையில் ஓடும் நீர்மோரையும் கூட்டினால் அந்தக் கணக்குக்கு எட்டாது. கெட்டித் தயிர் சாப்பிடும் வீடுகளில் எட்டும். பழைய சோற்று நீராகாரத்தில் பி12 வழிகிறது என்று வாட்ஸ்அப்பில் ஓடுவதை நம்பி மாத்திரையை நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். நீராகாரம் நல்லதுதான், இந்தச் சத்துக்கு அதை நம்ப முடியாது.

கணக்கு எட்டாவிட்டாலும் உடனே ஒன்றும் ஆகிவிடாது. உடம்பில், முக்கியமாகக் கல்லீரலில், 2 முதல் 5 மில்லிகிராம் வரை சேமிப்பு உண்டு. அது தீர வருஷக்கணக்காகும். ஆகவே இன்றைய குறைவுக்குக் காரணம் போன மாதச் சாப்பாடாக இருக்காது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் ஆரம்பித்து ஆறேழு வருஷம் ஆனவர்கள், அதோடு நெஞ்செரிச்சலுக்கு மாத்திரையும் சேர்த்தவர்கள்தான் என் பட்டியலில் அதிகம். உணவில் புரதத்தோடு ஒட்டியிருக்கும் பி12-ஐப் பிரிக்க வயிற்று அமிலம் வேண்டும். கேஸ் மாத்திரை அதைக் குறைக்கிறது. பிரிந்ததைச் சிறுகுடலின் கடைசிப் பகுதி உறிஞ்ச வேண்டும். மெட்ஃபார்மின் அங்கே கைவைக்கிறது. இதற்காகச் சர்க்கரை மாத்திரையை யாரும் தானாக நிறுத்திவிடக் கூடாது. வருஷத்துக்கு ஒருமுறை பி12 பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேட்டால் போதும்.

நான் தொழிலுக்கு வந்த காலத்தில் சின்ன லேப்களில் பி12 மெஷின் கிடையாது. சென்னைக்கு அனுப்ப வேண்டும், விலையும் கட்டுப்படியாகாது. டாக்டர்கள் கேட்டது ஸ்மியர். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் இழுத்து, உலர்த்தி, லீஷ்மன் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் வைப்பது. எனக்குக் கற்றுக்கொடுத்த சீனியர் ஸ்லைடின் நடுவில் பார்க்க விடமாட்டார். "வால் பக்கம் போ. அங்கதான் ஒண்ணுமேல ஒண்ணு ஏறாம படுத்திருக்கும்" என்பார். பி12 குறைந்த ரத்தத்தில் சிவப்பணுக்கள் பெரிதாகி, வட்டம் கெட்டு முட்டை வடிவில் இருக்கும். டிஎன்ஏ நேரத்துக்குத் தயாராகாததால் செல் பிரிய முடியாமல் வளர்ந்துகொண்டே போவதுதான் காரணம். அதைவிட அழகான தடயம் வெள்ளணுவில் கிடைக்கும். நியூட்ரோஃபிலின் உட்கரு வழக்கமாக மூன்று நான்கு மடலாகப் பிரிந்திருக்கும். இங்கே ஐந்து மடல், ஆறு மடல். நூறு நியூட்ரோஃபிலில் ஐந்துக்கு மேல் ஐந்து மடலோடு இருந்தாலோ, ஆறு மடலில் ஒன்றே ஒன்று தென்பட்டாலோ சீனியர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து போய் டாக்டருக்கு போன் செய்வார். எண் எதுவும் இல்லாமலே வைத்தியம் ஆரம்பித்துவிடும். இன்றைக்கு வரும் பையன்களுக்கு மெஷின் கொடுக்கும் எம்சிவி, அதாவது சிவப்பணுவின் சராசரி அளவு, போதுமாக இருக்கிறது. நூறுக்கு மேல் என்றால் பெரிய செல், எண்பதுக்குக் கீழே என்றால் சின்ன செல். நம் ஊர்ப் பெண்களுக்கு இரும்புச்சத்தும் குறைவாயிற்றே! இரும்புக் குறைவு செல்லைச் சின்னதாக்கும், பி12 குறைவு பெரிதாக்கும். இரண்டும் சேர்ந்தால் சராசரி 86 என்று சமர்த்தாக வந்து உட்காரும். ஸ்லைடைப் பார்த்தவனுக்குத்தான் பெரிசும் சிறிசும் கலந்து கிடப்பது தெரியும்.

இந்தப் பெரிய செல் ரத்தசோகையின் சரித்திரத்தில் நம் ஊர்களுக்கும் பங்கு உண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கில டாக்டர் 1928 வாக்கில் பம்பாய்க்கு வந்து கர்ப்பிணி மில் தொழிலாளிகளின் சோகையை ஆராய்ந்தார். 1929-ல் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட், 1931-ல் சென்னை கோஷா ஆஸ்பத்திரி, அதாவது இன்றைய திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று அவர் வேலை தொடர்ந்தது. ஈஸ்ட் சாறான மார்மைட் கொடுத்ததும் அந்தச் சோகை தெளிந்தது. அதில் வேலை செய்தது ஃபோலிக் அமிலம் என்று பிற்பாடு தெரியவந்தது. பி12-க்கு வழி காட்டியது ஈரல். 1926-ல் மைனாட், மர்ஃபி என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள், சாவின் விளிம்பில் இருந்த பெர்னீஷியஸ் அனீமியாக்காரர்களுக்குத் தினமும் ஈரலை ஊட்டிப் பிழைக்க வைத்தார்கள். 1934-ல் விப்பிளோடு சேர்த்து நோபல் பரிசு. ஈரலுக்குள் இருந்த சிவப்புப் படிகம் 1948-ல்தான் தனியாகக் கைக்குக் கிடைத்தது. நடுவில் உலகம் முழுக்க ஈரல் சாற்று ஊசிதான் ஓடியது. சித்திரை வீதியில் ஒரு தொண்ணூறு வயதுப் பெரியவர், சின்ன வயதில் தனக்குப் போட்ட 'லிவர் எக்ஸ்ட்ராக்ட்' ஊசியைப் பற்றிச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எதோட லிவர்னு எங்கப்பா கேக்கலை. மருந்துக்கு தோஷமில்லைன்னுட்டார்." இன்றைய மருந்து பாக்டீரியாவை வளர்த்து எடுப்பது, அந்தச் சங்கடம் இல்லை. ஆனால் கேப்ஸ்யூலின் உறை ஜெலட்டின். அதைக் கேட்பவர்களுக்கு மாத்திரையாகவே எழுதித் தரும்படி டாக்டரிடம் சொல்லச் சொல்வேன்.

இனி மெஷினுக்கு வருவோம். ரத்தத்தில் பி12 தனியாக மிதப்பதில்லை, இரண்டு புரதங்கள் அதைச் சுமக்கின்றன. ஐந்தில் நான்கு பங்கைச் சுமக்கும் ஹேப்டோகாரின் அதைத் திசுக்களுக்கு இறக்கிக் கொடுப்பதில்லை. மிச்சம் ஒரு பங்கைச் சுமக்கும் டிரான்ஸ்கோபாலமின்தான் செல்லுக்குள் கொண்டு சேர்க்கிறது. சாதாரண பி12 பரிசோதனை இரண்டையும் கூட்டித்தான் சொல்லும். 'ஆக்டிவ் பி12' என்று விலை கூடுதலாக ஒன்று இருக்கிறதே, அது இரண்டாவதை மட்டும் அளப்பது.

அளக்கும் முறை கொஞ்சம் தலைகீழானது. சீரத்தில் காரம் சேர்த்து பி12-ஐப் புரதத்திலிருந்து விடுவிப்பார்கள். பிறகு அதைப் பிடித்துக்கொள்ள இன்ட்ரின்சிக் ஃபேக்டரை விடுவார்கள். நம் வயிற்றுச் சுவர் சுரக்கும் அதே புரதம்தான், பெரும்பாலும் பன்றியிலிருந்து எடுத்தது. நோயாளியின் பி12 அதிகமாக இருந்தால் பிடிக்கும் இடமெல்லாம் நிரம்பி, மெஷின் சேர்க்கும் ஒளி அடையாளத்துக்கு இடமில்லாமல், கடைசியில் வரும் ஒளி குறையும். பி12 குறைவாக இருந்தால் ஒளி கூடும். ஆக வெளிச்சம் குறையக் குறைய ரிப்போர்ட்டில் எண் ஏறும். பி12 மெஷின் ஏமாறுகிற வழிகளில் பாதி இந்த ஒரு விஷயத்தில் இருக்கிறது.

முடிக்கு மாத்திரை உண்டா என்று நான் கேட்பதும் இதற்காகத்தான். அதில் பயோட்டின் மில்லிகிராம் கணக்கில் இருக்கும். சில கம்பெனி மெஷின்கள் உள்ளே பயோட்டினை ஒட்டும் பசையாகப் பயன்படுத்துகின்றன. ரத்தத்தில் அது மிதந்தால் பசை வீணாகி ஒளி குறையும், பி12 கூடுதலாகத் தெரியும். 2017 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே இதைப் பற்றி எச்சரிக்கை விட்டது. கல்யாணத்துக்கு நிற்கும் பெண்கள் தைராய்டும் பி12-ம் பார்க்க வந்தால், மாத்திரையை நிறுத்திவிட்டுச் சில நாள் கழித்து வரச் சொல்கிறேன். அம்மாக்களுக்குக் கோபம் வருகிறது.

இதைவிடப் பொல்லாத ஏமாற்று ஒன்று உண்டு. உறையூரிலிருந்து ஒருவர் வந்தார், கறிக்கடைக்காரர். "பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்குண்ணே" என்றார். நாக்கு வழவழவென்று சிவந்திருந்தது. சைவமா என்று அவரிடம் கேட்கவா முடியும்? பி12 நானூற்றுச் சொச்சம் என்று வந்தது, சுத்தமான நார்மல். ஆனால் எம்சிவி 118. ஸ்லைடில் ஆறு மடல் நியூட்ரோஃபில்கள் தாராளமாகத் தெரிந்தன. ரிப்போர்ட்டை அப்படியே அனுப்பாமல் ஸ்லைடு பார்த்த டாக்டர் அம்மா, சீட்டு எழுதிய டாக்டரைக் கூப்பிட்டுப் பேசினார். இன்ட்ரின்சிக் ஃபேக்டருக்கு எதிரான ஆன்டிபாடி பார்த்தார்கள், இருந்தது. அவர் உடம்பே அந்தப் புரதத்தை எதிரியாக நினைத்து மறிக்கிறது. அதனால் எவ்வளவு ஈரல் சாப்பிட்டாலும் பி12 உள்ளே போகவில்லை. பெர்னீஷியஸ் அனீமியா என்பது இதுதான். அதே ஆன்டிபாடி சாம்பிளோடு மெஷினுக்குள்ளும் போய் அங்கிருந்த இன்ட்ரின்சிக் ஃபேக்டரையும் மறித்துவிட்டது. ஒளி குறைந்தது, எண் ஏறியது. நோயே பரிசோதனையைக் கெடுத்த கதை இது. 2012-ல் ரால்ஃப் கார்மலும் கூட இருந்தவரும் பெர்னீஷியஸ் அனீமியாக்காரர்களின் சீரத்தை மூன்று கம்பெனி முறைகளில் ஓட்டிப் பார்த்து, 22 முதல் 35 சதவீதம் வரை தவறாக நார்மல் வந்தது என்று எழுதியிருக்கிறார்கள். கறிக்கடைக்காரர் ஊசியில் தேறினார். கால் மரமரப்பு முழுதாகப் போகவில்லை.

எண் எக்கச்சக்கமாக இருப்பதும் நல்ல செய்தி ஆகிவிடாது. 2000-க்கு மேல் என்று வந்தால் பாதிப்பேர் போன வாரம் ஊசி போட்டவர்கள். அம்பூலில் இருக்கும் சிவப்புத் திரவம்தான் ரிப்போர்ட்டில் தெரிகிறது. பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் ஊசியும் போடவில்லை, மாத்திரையும் இல்லை. "சத்து ஜாஸ்தியா இருந்தா நல்லதுதானே தம்பி?" என்று சந்தோஷமாகக் கேட்டார். அவருடைய ஊதா மூடி டியூபில் வெள்ளணு லட்சத்தைத் தாண்டியிருந்தது. வெள்ளணு இப்படிப் பெருகும் ஒருவகை ரத்தப் புற்றில் அவை ஹேப்டோகாரினைக் கொட்டுவதால் பி12 ஏறிக் காட்டும். கல்லீரல் நோயிலும் ஏறும். பதில் சொல்வது என் வேலை இல்லை, இன்றைக்கே டாக்டரைப் பாருங்கள் ஐயா என்று மட்டும் சொன்னேன்.

எல்லைக்கோடு விஷயத்தில் ஜனங்கள் படும் பாட்டைச் சொல்லி மாளாது. ரிப்போர்ட்டின் ஓரத்தில் ஒரு மெஷினுக்கு 180–914 என்று அச்சாகும், இன்னொன்றுக்கு 211–911, வேறொன்றுக்கு 197–771. 205 என்று வந்தவர் ஒரு லேபில் நார்மல், தெருவைத் தாண்டினால் குறைவு, தடித்த எழுத்தில். அதே சாம்பிளை அதே மெஷினில் மறுபடி ஓட்டினாலே பத்துப் பதினைந்து முன்னே பின்னே வரும். 2024 மார்ச்சில் பிரிட்டனின் நைஸ் அமைப்பு வெளியிட்ட வழிகாட்டுதல் எனக்குப் பிடித்தது. 180-க்குக் கீழே என்றால் குறைவு என்று வைத்துக்கொள். 180 முதல் 350 வரை தெளிவில்லாத பகுதி, ஆளைப் பார், அறிகுறியைப் பார் என்கிறது. நான் பார்த்தவரை ஸ்ரீரங்கத்தில் பாதிப் பேர் அந்தத் தெளிவில்லாத பகுதியில்தான் குடியிருக்கிறார்கள்.

அலகும் ஆளைக் கவிழ்க்கும். உத்திர வீதி மாமா ஒருவருக்கு 260. டொரண்டோவில் இருக்கும் மகளுக்கும் 260. "அவளுக்கு டாக்டர் ஒண்ணுமே சொல்லலையாம், எனக்கு மட்டும் ஏன் மாத்திரை?" என்று சண்டைக்கு வந்தார். நம் ரிப்போர்ட் பிகோகிராம், அவர்களுடையது பிகோமோல். 1.355-ஆல் பெருக்கினால் மகளுடையது 352. கால்குலேட்டரில் போட்டுக் காட்டினேன். மாத்திரையை வாங்கிக்கொண்டார், என்னை நம்பியதாகத் தெரியவில்லை.

தெளிவில்லாத பகுதியில் இருப்பவர்களுக்கு மெத்தில்மலோனிக் அமிலமும் ஹோமோசிஸ்டீனும் உதவும். பி12 இல்லாமல் செல்லுக்குள் வேலை நின்றால் இந்த இரண்டும் தேங்கும். மிதப்பதை விட்டுவிட்டு வேலை நடக்கிறதா என்று பார்க்கிற பரிசோதனைகள். முதலாவதற்குப் பல ஆயிரம் ஆகும், வெளியூர் போக வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு பி12 குறையாமலே ஏறியிருக்கும். இரண்டாவது ஃபோலேட் குறைவிலும் ஏறும். அதோடு ஹோமோசிஸ்டீன் எடுப்பவனின் சோம்பலையும் சேர்த்து அளக்கும். டியூபுக்குள் இருக்கும் சிவப்பணுக்கள் அதை விடாமல் கசியவிட்டுக்கொண்டிருப்பதால், குத்திய உடனே ஐஸில் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் சுற்றிப் பிரித்துவிட வேண்டும். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் வண்டி மாட்டிக்கொண்டால் ஆரோக்கியமான ஆளுக்கும் ஹோமோசிஸ்டீன் ஏறிவிடும். அந்தப் பத்து நாளும் அதற்குச் சாம்பிள் எடுப்பதில்லை என்று போர்டே வைத்திருக்கிறேன்.

குழந்தைகளுக்கு ரத்தம் எடுப்பது எனக்குப் பிடிக்காத வேலை. ஒருமுறை எட்டு மாதக் குழந்தையைக் கொண்டுவந்தார்கள். தவழ்ந்துகொண்டிருந்தது நின்றுபோயிற்று, சிரிப்பதும் நின்றுபோயிற்று. விரல் முட்டிகள் கறுத்திருந்தன. தாய்ப்பால் மட்டும்தான் ஆகாரம். குழந்தை டாக்டர் சீட்டில் அம்மாவுக்கும் சேர்த்து பி12 எழுதியிருந்தார். அம்மாவுக்கு எதற்கு என்று பாட்டி கேட்டார். பிற்பாடு அந்த டாக்டரிடம் பேசும்போது, இது வேலூர் சிஎம்சியில் ஜாதவ், வெப், வைஷ்ணவா, பேக்கர் ஆகியோர் 1962-லேயே லான்செட் பத்திரிகையில் எழுதிய நோய் என்றார். தாயிடம் இருப்பு இல்லாவிட்டால் பாலிலும் இருக்காது. ஊசி போட்டதும் குழந்தை தெளிந்துவிட்டது. இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபிறகுதான் பாட்டி மருமகளுக்குத் தயிர் போட ஆரம்பித்தார் என்று கேள்வி.

அதே வேலூரில் பிற்பாடு வந்த கண்டுபிடிப்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். தலைமுறை தலைமுறையாகச் சைவம் சாப்பிடும் பலர் எப்படிக் குறைவில்லாமல் இருக்கிறார்கள் என்பது பழைய கேள்வி. 1980-ல் ஆல்பர்ட், மாத்தன், பேக்கர் மூவரும் நேச்சர் பத்திரிகையில், ஆரோக்கியமான தென்னிந்தியர்களின் சிறுகுடலில் குடியிருக்கும் சூடோமோனாஸ், க்ளெப்சியெல்லா வகைப் பாக்டீரியாக்கள் பி12 தயாரிக்கக்கூடியவை என்று காட்டினார்கள். பெருங்குடலிலும் தயாராகிறது, ஆனால் உறிஞ்சும் இடத்தைத் தாண்டிய பிறகு அங்கே செய்து பயனில்லை. இதைச் சொன்னால் சில மாமாக்கள் "அப்போ எனக்கு மாத்திரை வேண்டாமே" என்று தாவுவார்கள். உங்கள் குடலில் அது இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை என்னிடம் இல்லை, காலில் எரிச்சல் இருக்கிறதா என்று மட்டும் சொல்லுங்கள் என்பேன்.

எனக்கு உண்மையாகவே பயம் தருவது, சோகை என்றதும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடும் ஃபோலிக் ஆசிட். அது மட்டும் போனால் ரத்தம் தேறிவிடும், ஸ்லைடும் அழகாகிவிடும். தண்டுவடத்தில் நரம்பின் உறை உரிவது மட்டும் நிற்காது. நாம் பார்க்கும் ஒரே ஜன்னலையும் அது சாத்திவிடுகிறது.

வைத்தியம் ஆரம்பித்தவர்கள் மூன்றாம் வாரமே மறுபடி பி12 பார்க்க வருவார்கள். ஊசி போட்டிருக்கும்போது எண் உச்சியில்தான் இருக்கும், ஆயிரம் ரூபாய் பக்கம் தண்டம். சோகை இருந்தவர்களுக்கு முதல் வாரக் கடைசியில் ரெட்டிகுலோசைட் எண்ணிக்கை ஏறுகிறதா என்று பார்த்தாலே மஜ்ஜை விழித்துக்கொண்டது தெரிந்துவிடும். இரண்டு மாதத்தில் சிபிசி. அதற்கு விலை மிகக் குறைவு. நரம்பு தேற அதைவிட மாதங்கள் கூடுதலாகும். "பி12 வேண்டாம்ங்கறியே, உனக்கு நஷ்டமில்லையா?" என்று போன வாரம்கூட ஒருவர் கேட்டார். நஷ்டம்தான் மாமா, கையை நீட்டுங்கோ என்றேன்.